ராமேஸ்வரம் வந்தவரை ராமநாதபுரத்தில் இறக்குவது எப்படி?

கேள்வி: ராமநாதபுரம், தேவிபட்டினம் பகுதியில் லாட்ஜ், உணவகம், வாடகை வேன் தொழில் செய்யும் நாங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டம் எங்கள் ஊரைக் கடந்துதான் போகிறது. ஆனால் இறங்குவதில்லை. ட்ரோன் வைத்து ஒரு வீடியோ எடுப்பது, வண்ணப் புத்தகம் அச்சடிப்பது, நெடுஞ்சாலையில் பெரிய பேனர்கள் வைப்பது, கடற்கரைத் திருவிழா ஒன்று நடத்துவது என்று யோசித்திருக்கிறோம். வெளியூர்த் தொழில் முனைவோரை அழைத்து முதலீட்டாளர் கூட்டம் போடவும் ஆசை. எதை முதலில் செய்யலாம்?
— சங்கச் செயலாளர், ராமநாதபுரம்

பதில்: செயலாளர் ஐயா, உங்கள் பட்டியலில் இருப்பது எல்லாமே ஆட்களைக் கூப்பிடும் வேலை. உங்களுக்கு ஆள் பஞ்சம் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை, பள்ளி விடுமுறை தோறும், ஐயப்ப சீசன் முழுக்க உங்கள் வாசல் வழியாகத்தான் வண்டிகள் போகின்றன. குறைவது, அவர்கள் இறங்கி நாலு மணி நேரம் செலவழிக்க நம்பகமான ஒரு காரணம். அதனால் வீடியோவையும் திருவிழாவையும் ஓரமாக வையுங்கள். விற்பதற்கு ஒரே ஒரு பொருளை உருவாக்குங்கள். அது எது என்று சொல்கிறேன்.

வட மாநில யாத்திரிகர் ஒருவரின் ராமேஸ்வர நாளைப் பாருங்கள். விடியற்காலையில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈர உடை மாற்றி தரிசனம். மறுநாள் தனுஷ்கோடி, அரிச்சல்முனை, வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம். அதோடு பார்க்க வேண்டியவை முடிந்தன. ரயிலோ மாலையிலோ இரவிலோதான். அறையைக் காலி செய்த பிறகு பெட்டியோடு எங்கே போவது என்று தெரியாமல் லாட்ஜ் வரவேற்பறையிலும் நடைமேடையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். சும்மா கழியும் அந்தப் பகல்தான் உங்கள் சரக்கு.

ராமேஸ்வரத்தில் கிளம்பி மதுரைப் பக்கமோ சென்னைப் பக்கமோ போகும் விரைவு ரயில்கள் ராமநாதபுரத்தில் நிற்கின்றன. எனவே காலையில் பெட்டி படுக்கையோடு ராமேஸ்வரத்தில் காரில் ஏற்றி, நிலப்பகுதியைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் ராமநாதபுரம் நிலையத்தில் ரயில் ஏற்றிவிடலாம். யாத்திரிகர் தீவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் நிலையம் ராமநாதபுரம் என்று குறிக்க வேண்டும். ராமேஸ்வரம் என்றே எடுத்துவிட்டவர்கள், ரயிலின் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும் முன்பு, ரயில்வே விதித்திருக்கும் நேரத்துக்குள் ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம். இதை உங்கள் ஆள் முன்பதிவு பேசும்போதே சொல்லி, மாற்றிய டிக்கெட்டின் படத்தை வாங்கிப் பார்த்த பிறகுதான் வண்டியை உறுதி செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால், ஏறும் நிலையத்தில் பயணி வரவில்லை என்று பரிசோதகர் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். அந்தக் குடும்பம் ஊர் திரும்பி எழுதப்போகும் விமர்சனம் உங்கள் ஒரு வருட உழைப்பைக் கெடுக்கும்.

அடுத்தது வழி. இதில் தூரம் பெரிதில்லை, நேரம்தான் பெரிது. கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், மாலை நாலு மணியை ஒட்டித்தான் திறக்கும். இதை மறந்து வரைபடத்தைப் பார்த்து மட்டும் வழி போட்டால், வேன் நிறைய ஆள் மூடிய கதவுக்கு முன்னால் வெயிலில் நிற்பார்கள். என் பரிந்துரை இது. காலை 7.30க்கு ராமேஸ்வரத்தில் புறப்பாடு. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கத்தான் எல்லாரும் கேட்பார்கள், ஓட்டுநர் இளகிவிடக் கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தையும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியையும் கரையில் வண்டியை ஒதுக்கிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். சுமார் 9.45க்குத் தேவிபட்டினம் நவபாஷாணம், அதாவது கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்கள். 10.30க்குக் கிளம்பி, நடை சாத்தும் முன் உத்தரகோசமங்கை. மதியம் ராமநாதபுரத்தில் சாப்பாடு. வெயில் நேரத்துக்கு அரண்மனையின் ராமலிங்க விலாசம். சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள் உள்ள இடம், கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் நன்றாகப் போகும். (வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டு உங்கள் அட்டவணையில் எழுதிவையுங்கள்.) மாலை நடை திறக்கும்போது திருப்புல்லாணி, அங்கிருந்து சேதுக்கரை கடல், 6.30க்கு ராமநாதபுரம் ரயில் நிலையம். ராமேஸ்வரம் வந்த யாத்திரிகருக்கு இந்த வழி முழுவதும் சேது யாத்திரையின் தொடர்ச்சிதான். புதிதாக எதையும் கற்றுக்கொடுத்து விற்க வேண்டியதில்லை.

இந்த அட்டவணை செல்லாத நாட்களும் உண்டு. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் வண்டி நகராது. மார்கழித் திருவாதிரையை ஒட்டி உத்தரகோசமங்கை மரகத நடராஜரின் சந்தனக் காப்பு களையப்படும் நாளில் வரிசையில் நிற்கவே பகல் போய்விடும். அந்த நாட்களில் விற்பனையை மூடிவையுங்கள். நாலு வண்டி ஓடினால் வரும் காசு, நாலு ரயில் தவறினால் வரும் சண்டைக்கு ஈடாகாது.

விலை. இங்கேதான் பெரும்பாலான உள்ளூர்ச் சங்கங்கள் கையைச் சுட்டுக்கொள்கின்றன. கணக்குப் போடும் முறைக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வழி சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் வண்டி ராமநாதபுரத்துடையது என்றால், காலையில் ஆளை ஏற்ற ராமேஸ்வரத்துக்குக் காலியாக ஓட வேண்டும். அது 55 கிலோமீட்டர். ஆக, 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 2,800. ஓட்டுநர் பேட்டா 500, வழிகாட்டிக்கு 700, நாலு பேருக்குச் சாப்பாடு தலைக்கு 180 வீதம் 720. அடக்கம் 4,720. ஆள் அனுப்பும் லாட்ஜுக்கு விற்பனை விலையில் 10 சதவீதம் கமிஷன். 5,800க்கு விற்றால் கமிஷன் 580 போக 500 ரூபாய் கையில் நிற்கும். இதைத் ‘தலைக்கு 1,450’ என்று நோட்டீஸில் போட்டுவிட்டால், இரண்டு பேர் மட்டும் வரும் நாளில் 2,900தான் கிடைக்கும். அன்றைய அடக்கமோ 4,360. அதனால் எப்போதும் வண்டிக்கு இவ்வளவு என்றே விலை சொல்லுங்கள். இரண்டு பேர் வந்தால் சாப்பாட்டுச் செலவு மட்டும் குறைந்து 5,400.

கமிஷனை அன்றன்றைக்கே யுபிஐயில் அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறோம் என்றால் லாட்ஜ் மேலாளர் இரண்டாவது ஆளை வேறு வண்டிக்கு அனுப்பிவிடுவார். உறுப்பினர்களின் சொந்தப் பயன்பாட்டு வண்டியை, அதாவது வெள்ளைப் பலகைக் காரை, வாடகைக்கு ஓட்டவே வேண்டாம். பர்மிட் பிரச்சினை ஒரு பக்கம். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும் என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. சங்கத்தின் பெயரில் பணம் வாங்கினால் சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆரம்பத்திலேயே ஒரு கணக்காளரிடம் கேட்டு, பணம் சங்கத்துக்கு வருகிறதா, வண்டிக்காரருக்கு நேராகப் போகிறதா என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்த்தமாடி வந்தவர்களில் பலர் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், இலையில் சோற்றோடு ரொட்டி, இவ்வளவுக்குத் தயாராக இருக்கும் இரண்டு உணவகங்கள் போதும். மீன் கேட்டு வருகிறவர்கள் வேறு கூட்டம்: மதுரை, திருச்சி, கோவையிலிருந்து சொந்தக் காரில் வரும் குடும்பங்கள். அவர்களுக்கு உங்கள் உணவுப் பட்டியல் கடலோடு ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், வரத்து குறைவு, விலை கூடுதல். கோடை விடுமுறைக் கூட்டமும் அதே நேரத்தில்தான் வரும். அச்சடித்த பட்டியலில் நிரந்தர விலையோடு வஞ்சிரம் போட்டுவிட்டு ‘இல்லை’ என்று சொல்வதைவிட, அன்றைக்கு வந்த மீனைக் கரும்பலகையில் எழுதிவைப்பது நல்லது. நகரத்துக்காரர்களுக்கு அந்தப் பலகையே ஒரு விளம்பரம். கீழக்கரைத் தொதல், பனங்கருப்பட்டி, பனையோலைப் பெட்டி ஆகியவை ரயில் ஏறும் கடைசி அரை மணி நேரத்தில் நன்றாக விற்கும். விலை ஒட்டியிருக்க வேண்டும், பேரம் கூடாது.

நினைவுப் பொருள் கடைகளில் ஒரு எச்சரிக்கை. பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்றவை. சிப்பி, சங்கு வகைகளிலும் சில பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு வகையையும் வனச்சரக அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு விற்கச் சொல்லுங்கள். சங்க உறுப்பினர் கடையில் ஒரு வழக்குப் பதிவானால் ‘சுற்றுலா மேம்பாட்டுச் சங்கம்’ என்ற பெயரே கேலியாகிவிடும்.

இனி கடல். உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல் உண்டு, இரண்டுக்கும் குணம் வேறு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஒப்பீட்டில் அடங்கியிருக்கும். வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் வேறு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் வெளியூர்க்காரர்களுக்குத் தாராளமாகச் சொல்லத்தக்க மாதங்கள். இதை அறியாதவர் ஜூலையில் எடுத்த அமைதியான வடகடலோரக் காரங்காட்டுப் படத்தைப் போட்டு டிசம்பரில் ஆளை வரவழைப்பார். வந்தவர் படகுத்துறையில் நின்று திரும்புவார். உங்கள் விளம்பரப் பலகையில் ஒரு எளிய காற்றுக் கட்டம் இருக்கட்டும்: எந்த மாதத்தில் எந்தக் கரை. மீனவர்களிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார்கள். காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) விளையாட்டுக்காரர்கள் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வருவதும் இந்த இரண்டு காற்றையும் நம்பித்தான். எண்ணிக்கையில் சிறிய கூட்டம், ஆனால் வாரக்கணக்கில் தங்கும் கூட்டம்.

காரங்காட்டின் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியும் பிச்சைமூப்பன் வலசை படகுப் பயணமும் வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்துபவை. இவற்றை உங்கள் வழியில் சேர்ப்பதானால், முந்தின நாள் மாலையும் அன்று காலையும் என இரண்டு முறை தொலைபேசியில் உறுதி செய்வது ஒரு ஆளின் வேலையாக இருக்க வேண்டும். காற்று, நீர்மட்டம், கடற்படை எச்சரிக்கை என்று நிறுத்துவதற்குக் காரணங்கள் பல. இதற்கு மாற்றாக, உறுப்பினர் ஒருவரின் மச்சான் வல்லத்தில் ஏற்றிக் காட்டலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். மறுத்துவிடுங்கள். மீன்பிடிக்கப் பதிவான படகில் பயணிகளை ஏற்றினால் அனுமதியும் கிடையாது, காப்பீடும் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை ஏற்பாட்டில் அல்லாமல் அங்கே காலே வைக்கக் கூடாது. ‘தீவுச் சுற்றுலா’ என்ற சொல்லையே நோட்டீஸில் போடாதீர்கள்.

பறவைகளை ஏன் யாரும் விற்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எல்லாம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ள இடங்கள். சக்கரக்கோட்டைக் கண்மாய் உங்கள் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025இல் சரணாலயமே அறிவித்தாயிற்று. பறவை பார்க்க வருகிறவர் விடியலில் கண்மாய்க் கரையில் நிற்க வேண்டும், ஆகவே முந்தைய இரவு உங்கள் லாட்ஜில்தான் படுப்பார். அவருக்கு வேண்டியவை ஐந்து மணிக்குத் தேநீர், ஐந்தரைக்கு வண்டி, ‘இந்த வருடம் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில். மழை பொய்த்த வருடத்தில் கண்மாய் வறண்டால் பறவையும் வராது. அப்போது ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்த வருடம் அவர் உங்களிடமேதான் கேட்பார்.

ஏர்வாடி தர்காவைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். சந்தனக்கூடு விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் வண்டியும் கொடுங்கள். ஆனால் அங்கே மனநலம் பாதித்தவர்களோடு குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. வேடிக்கை பார்க்கும் இடமாக அதைக் காட்டக் கூடாது, வழிகாட்டி கேமராவை உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும். ஓரியூர் அருளானந்தர் திருத்தலம் வடக்கே ஒதுங்கி இருப்பதால் ஒரு நாள் வழியில் அடங்காது. அதைத் தொண்டிப் பக்கம் போகிறவர்களுக்கு வையுங்கள்.

பணத்தை எங்கே போடுவது? வந்தவர்கள் குறை சொல்வது பெரும்பாலும் கழிப்பறை, உடைமாற்றும் அறை, ஏமாற்றும் வாடகை இந்த மூன்றைத்தான். தேவிபட்டினத்தில் பரிகாரம் முடித்து நனைந்த துணியோடு நிற்கும் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் விழும் அறை ஒன்று வேண்டும். புதிதாகக் கட்ட வேண்டாம். இருக்கும் கட்டடத்தைப் பராமரிக்க ஊராட்சியிடம் தீர்மானம் வாங்கி எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கட்டடங்கள் கெடுவது கட்டாததால் இல்லை, திறப்பு விழாவுக்குப் பிறகு சாவி யாரிடம் என்று எவருக்கும் தெரியாததால். மாதம் 12,000 ரூபாய் வீதம் இரண்டு பேருக்கு ஒரு வருடச் சம்பளம் 2,88,000. பினாயில், பக்கெட், பல்பு, குழாய் ரிப்பேருக்கு மாதம் 3,000 என்றால் 36,000. கடலில் விட்டுப்போகும் துணிகளைப் போட மூங்கில் தடுப்புத் தொட்டி ஒன்றும், அதைத் தினமும் காலி செய்வதும் இதே ஆட்களின் வேலை.

தொலைபேசி எடுக்க ஒரு ஆள் வேண்டும். பகுதி நேரம் போதும், மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. இந்தி பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். காலை 6 முதல் இரவு 9 வரை ஒரே எண். பேசும் ஆள் மாறலாம், எண் மாறக் கூடாது. உறுப்பினரின் சொந்த எண்ணை அச்சடித்தால், அவர் சங்கத்தோடு மனத்தாங்கலாகி விலகும் நாளில் உங்கள் விளம்பரம் முழுவதும் அவரோடு போய்விடும். சங்கத்தின் பெயரில் சிம் வாங்குங்கள்.

வழிகாட்டிப் பலகைகள் பத்து, 60,000. நெடுஞ்சாலை ஓரத்தில் வைக்க நெடுஞ்சாலைத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பேனர் வேண்டாம். ராமேஸ்வரம் காற்றுக்கு மூன்று மாதம் கூடத் தாங்காது. உப்புக் காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் துருப்பிடித்து வழியும், துத்தநாகப் பூச்சுக் குழாய் கேளுங்கள். புத்தகம் வேண்டாம், மூன்று மடிப்புத் துண்டறிக்கை போதும். தமிழ், இந்தி, ஆங்கிலம். 25,000 ரூபாய்க்குள் முடியும். மொத்தமாக அச்சடித்தால் மலிவு என்று அச்சகத்தார் சொல்வார். முதல் தவணையில் 2,000க்கு மேல் போடாதீர்கள். இரண்டு மாதத்தில் விலையோ நேரமோ கண்டிப்பாக மாறும். துண்டறிக்கை வைக்க வேண்டிய இடம் ராமநாதபுரம் இல்லை, ராமேஸ்வரம் லாட்ஜ்களின் வரவேற்பு மேசை.

நல்ல நிழற்படங்களுக்கு 40,000. ட்ரோன் ஆசையைக் கைவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் பகுதிகளைப் பார்க்காமல் பறக்கவிட்டால் கருவி பறிமுதல், உங்கள் மேல் வழக்கு. தரையில் நின்று, விடியலிலும் மாலையிலும் எடுத்த 30 படங்களே போதும். அவற்றில் நாலைந்து படமாவது படகுத்துறை, கழிப்பறை, வண்டி நிறுத்தம், சாப்பாட்டு இலை இவற்றைக் காட்ட வேண்டும். வயதான தாயை அழைத்து வருகிறவர் கோபுரப் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார். படிக்கட்டு எத்தனை என்பதுதான் அவர் தேடும் படம்.

இதோடு 5,45,000 ஆகிறது. மீதி 55,000 அவசரக் கையிருப்பு. கூகுள் வரைபடத்துக்குக் காசு வேண்டாம், கவனம் மட்டும் வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் கடைப் பக்கத்தைத் தானே உரிமை கோரிச் சரிபார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு, வரைபடத்தின் இடக்குறி (பின்) ஊர் நடுவில் குத்தப்பட்டிருப்பது. படகுத்துறைக்குப் போக வேண்டியவர் தெருவில் சுற்றுவார். இடத்துக்கே போய், நின்ற இடத்தில் குறியைத் திருத்துங்கள். மதிய நடை நேரம், வார விடுமுறை, ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்ற குறிப்பு, மோசமான விமர்சனத்துக்கு இரண்டு நாளுக்குள் சண்டை போடாத பதில். எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஆகும்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று பார்க்க, இன்றிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொரு லாட்ஜிலும் ஒரு தாள்: தேதி, எந்த மாவட்டம் அல்லது மாநிலம், எத்தனை பேர், எத்தனை இரவு, அடுத்து எங்கே போகிறார்கள். பெயர், தொலைபேசி எண் வேண்டாம். 12 அறை உள்ள லாட்ஜுக்கு 30 நாளில் 360 அறை-இரவுகள். அதில் 126 விற்றிருந்தால் 35 சதவீதம். ஒரு அமாவாசையும் ஒரு பள்ளி விடுமுறையும் ஒரு சாதாரண மாதமும் அடங்குமாறு மூன்று மாதம் எடுத்தால் அடிப்படை கிடைத்துவிடும். ‘கூட்டம் நல்லா வருது’ என்பதை வைத்துத் திட்டம் போட முடியாது.

வீட்டிலேயே அறை கொடுக்க நினைக்கும் உறுப்பினர்கள் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்குமிட வகைப்பாட்டில் 6 அறை, 12 படுக்கை வரை பதியலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதற்கான படிவத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். உணவு விற்றால், ஆண்டு விற்றுமுதலுக்கு ஏற்ற உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுவதானால் அஸ்திவாரம் தோண்டும் முன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, அளக்கும் தூரம் அது, இன்று அலை நிற்கும் இடத்திலிருந்து அளப்பது இல்லை.

கடைசியாக முதலீட்டாளர் கூட்டம். மேடை, மாலை, மதிய விருந்து எல்லாம் முடிந்து ஒருவரும் திரும்பி அழைக்காத கூட்டங்கள்தான் அதிகம். தொழில் தொடங்க வருகிறவர் கேட்பது ஐந்தாறு கேள்விகள்: பட்டா தெளிவாக இருக்கிறதா, நல்ல தண்ணீர் எங்கிருந்து, மின்சாரம் எத்தனை கிலோவாட் எத்தனை நாளில், வருடத்தில் எத்தனை மாதம் மூலப்பொருள் வரும், குளிர்சாதன லாரி எங்கே கிடைக்கும், எந்த அனுமதி எந்த அலுவலகத்தில். உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர், காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பித் தொழிற்சாலை வைக்க முடியாது. இதை முதல் தாளிலேயே சொல்லிவிடுங்கள். துறைக்கு ஒரு பக்கம் என்று தயார் செய்து மாவட்டத் தொழில் மையத்தில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துறைகள்? முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை உறையில் அச்சடிக்க, விளைவிப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிய வேண்டும். அதைச் செய்து தரும் உதவிதான் வெளியூர் வாங்குபவரை இழுக்கும். பொடி, எண்ணெய், வற்றல் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் உண்டு. விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று அந்தந்த ஆண்டு கேட்டுக்கொள்ளுங்கள். கடற்பாசிக்கு வளமாவூரில் பல்நோக்குப் பூங்கா வருகிறது. மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டி 45 நாளில் அறுக்கும் இந்தத் தொழில் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. ஆனால் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற பாசி வெளிநாட்டு இனம். குருசடைத் தீவருகே பவளப் பாறைகளின் மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், தேசியப் பூங்காப் பகுதியில் அதற்கு இடமில்லை. முதலீட்டாளர் ‘தென்கடலில் இடம் காட்டுங்கள்’ என்றால் மழுப்பாமல் பாக் நீரிணைப் பக்கம் அழைத்துப் போங்கள். இறால் பண்ணைக்காரர் வந்தால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்பது உங்கள் முதல் கேள்வி.

வேலை தொடங்க ஒரு வரிசை தருகிறேன். இந்த வாரம் சிம் கார்டும் ஊராட்சித் தீர்மானமும். அடுத்த வாரம், உறுப்பினர்கள் நாலு பேர் தாங்களே பெட்டியோடு 7.30க்கு ராமேஸ்வரத்தில் ஏறி, கடிகாரம் பார்த்து முழு வழியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்த நேரம், கிளம்பிய நேரம், கழிப்பறையின் நிலை மூன்றையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். துண்டறிக்கையில் போட வேண்டிய நேரங்களை அதை வைத்து முடிவு செய்யலாம்.